அறுவை வேண்டாம் என்று சொல்வது எப்படி, சொன்ன பிறகு கூட இருப்பது எப்படி

என்னிடம் வருபவர்களில் சிலர் கையில் ஒரு துண்டுச் சீட்டோடு வருவார்கள். "மனநல ஆலோசனை தேவை" என்று ஒரே வரி, கீழே ஒரு கையெழுத்து, அவ்வளவுதான். மூக்கைச் சரி செய்துகொள்ளப் போன இடத்தில் இதைக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள், எதற்கு என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை, எனக்குப் பைத்தியம் என்று நினைத்துவிட்டார்கள் போல என்று சொல்லி அழுவார்கள். வந்தவர்களையாவது நான் பார்த்துவிடுகிறேன். சீட்டைக் கிழித்துப் போட்டுவிட்டு அடுத்த கிளினிக்கின் கதவைத் தட்டப் போனவர்களை நான் பார்க்கப் போவதே இல்லை.

இல்லாத அல்லது மிகச் சிறிய குறை மலையளவு தெரிகிற ஒரு மனநோய் இவர்களுக்கு இருக்கிறது, அதனால் அறுவை செய்ய மறுத்த அந்த மருத்துவர்கள் செய்தது சரி. ஆனால் வேலையில் பாதியைத்தான் செய்திருக்கிறார்கள். எப்படி மறுக்கிறோம், மறுத்த பிறகு அந்த மனிதருக்கு என்ன ஆகிறது என்பதும் மருத்துவ அறத்தில் சேர்ந்ததுதான் என்று நான் உறுதியாக நம்புகிறேன். அந்த மீதிப் பாதியை எப்படிச் செய்வது என்று அழகு அறுவை செய்பவர்களுக்கும், லேசர், ஃபில்லர், போடாக்ஸ் போடும் தோல் மருத்துவர்களுக்கும், அந்த கிளினிக்குகளில் கவுன்சலிங் செய்பவர்களுக்கும் எழுதுகிறேன். உங்கள் வீட்டில் ஒருவர் கண்ணாடி முன்னாலேயே நாளைக் கழிக்கிறார் என்றால் நீங்களும் படியுங்கள், பயன்படும்.

எதைப் பற்றிப் பேசுகிறோம்

பாடி டிஸ்மார்ஃபிக் டிஸார்டர், சுருக்கமாக பிடிடி. தமிழில் தோற்றக் கோளாறு என்று வைத்துக்கொள்ளலாம். மற்றவர் கண்ணுக்குத் தெரியாத, அல்லது உற்றுப் பார்த்தால் லேசாகத் தெரிகிற ஒரு குறை, அந்த மனிதருக்கு மட்டும் மலையளவு தெரிகிறது. அதையே நினைத்து, கண்ணாடியில் பார்த்து, மறைத்து, பிறரோடு ஒப்பிட்டு, கேட்டுக் கேட்டு, நாளில் மணிக்கணக்கில் போய்விடுகிறது. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் கையேடு 2013-இல் இதை ஓசிடி, அதாவது விடாமல் துரத்தும் எண்ணங்களும் திரும்பத் திரும்பச் செய்யும் செயல்களும் கொண்ட நோயின் குடும்பத்தோடு சேர்த்தது, அது சரியான இடம் என்பது என் எண்ணம். ஏனென்றால் கை கழுவிக்கொண்டே இருப்பவருக்கு இன்னொரு சோப்பு எப்படித் தீர்வாகாதோ, அதேபோல இவருக்கு இன்னொரு அறுவை தீர்வாகாது. கழுவியதும் கொஞ்ச நேரம் நிம்மதி, அப்புறம் மறுபடி அழுக்கு. அறுவை முடிந்ததும் கொஞ்ச நாள் நிம்மதி, அப்புறம் மறுபடி கண்ணாடி.

இது அழகு மீது ஆசை கொண்டவர்களுக்கு வரும் செல்ல நோய் என்று நினைப்பவர்கள் மருத்துவர்களிலேயே உண்டு. அப்படி இல்லை. இது பெரும்பாலும் 18 வயதுக்கு முன்பே தொடங்குகிறது, ஆண்களுக்கும் பெண்களுக்கும் ஏறத்தாழ சமமாக வருகிறது. சிகிச்சைக்கு வந்தவர்களிடம் செய்த ஆய்வுகளில் ஏறத்தாழ கால்வாசிப் பேர் வாழ்நாளில் ஒரு முறையாவது தற்கொலைக்கு முயன்றிருக்கிறார்கள். மனநோய்களிலேயே மிக ஆபத்தானவற்றில் ஒன்று உங்கள் கிளினிக்கின் காத்திருக்கும் அறையில், தலைமுடியை முன்னால் இழுத்து விட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது.

உங்கள் கிளினிக்கில் என்று சொல்லக் காரணம் இருக்கிறது. பொதுமக்களில் நூற்றுக்கு இரண்டு பேருக்கு பிடிடி இருக்கிறது. 2016-இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, அழகு அறுவைக்கு வருபவர்களில் அது சுமார் 13 சதவீதம், மூக்கு அறுவை கேட்பவர்களில் சுமார் 20 சதவீதம். மனநல மருத்துவரைத் தேடி வருவதற்கு முன்னால் இவர்கள் உங்களைத்தான் தேடி வருகிறார்கள். அவர்களைப் பொறுத்தவரை பிரச்சினை மூக்கில் இருக்கிறது, மூக்குக்கு மனநல மருத்துவரிடம் யாராவது போவார்களா? 1920-களில், உளப்பகுப்பாய்வின் முன்னோடியான ஃப்ராய்டிடம் சிகிச்சை பெற்றிருந்த செர்கெய் பங்கெயெஃப் என்ற ரஷ்யர், தோல் மருத்துவர் செய்த சிகிச்சையால் தன் மூக்கு கெட்டுவிட்டது என்று நம்பி, கைக்கண்ணாடியை எடுத்து எடுத்துப் பார்த்தபடியும் பவுடர் பூசியபடியும் இருந்தார். முதலில் ஒரு சிறு குறை, அதற்கு ஒரு சிகிச்சை, பிறகு அந்தச் சிகிச்சையே புதிய குறை. நூறு வருடம் கழித்தும் நான் கேட்கிற கதை இதேதான்.

முதல் சந்திப்பில் என்ன பார்ப்பது

எல்லாரிடமும் கேளுங்கள். வித்தியாசமாகத் தெரிகிறவரிடம் மட்டும் கேட்பது என்று வைத்தால் அமைதியாக, படித்தவராக, நன்றாக உடுத்தி வருபவரைத் தவற விடுவீர்கள். இவர்களில் பலர் அப்படித்தான் இருப்பார்கள். அமெரிக்க அழகு அறுவை மருத்துவர்கள் 265 பேரிடம் நடத்தி 2002-இல் வெளியான ஒரு கணக்கெடுப்பில், 84 சதவீதம் பேர், தகுந்தவர் என்று நினைத்து அறுவை செய்த பிறகுதான் ஒருவருக்கு பிடிடி இருந்தது தெரிந்தது என்று ஒப்புக்கொண்டார்கள். பார்த்தாலே தெரிந்துவிடும் என்ற நம்பிக்கையை அத்தோடு விட்டுவிடலாம். ஆஸ்திரேலியாவில் 2023 ஜூலை 1 முதல், அழகு அறுவைக்கு வரும் எவரையும் பிடிடி இருக்கிறதா என்று பரிசோதித்த பிறகே மேலே போக வேண்டும், குடும்ப மருத்துவரின் பரிந்துரை வேண்டும், குறைந்தது இரண்டு முறை பார்த்துப் பேச வேண்டும், அதற்கு அப்புறம் ஏழு நாள் இடைவெளி விட வேண்டும் என்று விதியே வந்துவிட்டது. உங்கள் நாட்டில் விதி இல்லை என்றாலும் இதை நீங்களே உங்கள் கிளினிக்கில் நடைமுறையாக்க யாரும் தடையில்லை.

வினாத்தாள்கள் இருக்கின்றன. பிடிடிக்யூ என்ற சிறிய வடிகட்டி ஒன்று. காப்ஸ் என்று இன்னொன்று, ஒன்பது கேள்விகள், 72-க்கு 40 அல்லது அதற்கு மேல் வந்தால் பிடிடி இருக்க வாய்ப்பு அதிகம். பயன்படுத்துங்கள், ஆனால் அதோடு நிறுத்திவிடாதீர்கள். ஒருவர் பத்து வருடமாக ஏங்கிக்கொண்டிருக்கிற அறுவைக்கும் அவருக்கும் நடுவில் அந்தத் தாள்தான் நிற்கிறது என்று தெரிந்தால், அவர் என்ன விடை எழுதுவார் என்று யோசித்துப் பாருங்கள். அதனால் பேச்சுதான் முக்கியம்.

பேச்சை எப்படித் தொடங்குவது? கையில் ஒரு கண்ணாடியைக் கொடுத்து, "எது உங்களைத் தொந்தரவு செய்கிறது, காட்டுங்கள்" என்று சொல்லுங்கள். முதலில் நீங்கள் எதையும் சொல்லாதீர்கள். அவர் காட்டுகிற இடத்தில் உங்கள் பயிற்சி பெற்ற கண்ணுக்கு என்ன தெரிகிறது, அவர் முகத்தில் எவ்வளவு வேதனை தெரிகிறது, இரண்டுக்கும் நடுவில் எவ்வளவு தூரம் என்பதைக் கவனியுங்கள். சிலர் கண்ணாடியை வாங்கவே மாட்டார்கள். சிலர் வாங்கினால் கீழே வைக்க மாட்டார்கள். இரண்டுமே ஒரு செய்தி. பிறகு, இதைப் பற்றி ஒரு நாளில் எவ்வளவு நேரம் நினைக்கிறீர்கள் என்று கேளுங்கள். ஒரு மணி நேரத்தைத் தாண்டினால் கவனம் தேவை. அதற்கு வரும் விடை "எப்போதும்" என்றிருந்தால், "நேற்று காலையிலிருந்து சொல்லுங்கள்" என்று நேற்றைய நாளை மணிக்கு மணி கேளுங்கள், அப்போதுதான் உண்மையான கணக்கு வரும்.

இதன் காரணமாக என்னென்ன விட்டுவிட்டீர்கள் என்பது எனக்குப் பிடித்த கேள்வி. வேலை, படிப்பு, கல்யாண வீடுகள், போட்டோ, பகல் வெளிச்சம், காதல். மறைக்க என்னென்ன செய்கிறீர்கள் என்பது அடுத்தது. ஒருவர் உங்கள் அறைக்குள் வந்ததும் ஜன்னலுக்கு முதுகு காட்டும் நாற்காலியைத் தேடினார் என்றால், அல்லது பேசும்போதெல்லாம் கை ஒரே இடத்துக்குப் போகிறது என்றால், அதைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். இதற்கு முன்னால் யார் யாரிடம் போனீர்கள், என்ன செய்தார்கள், எத்தனை நாள் திருப்தி இருந்தது என்று கேளுங்கள். போனில் நூறு படம் வைத்துக்கொண்டு, பெரிதாக்கிப் பெரிதாக்கி, "இந்தக் கோணத்தில் பாருங்க டாக்டர்" என்று காட்டுபவர்கள் இருக்கிறார்கள். முன்பு செய்த மருத்துவர்கள் எல்லாரும் கெடுத்துவிட்டார்கள், நீங்கள் ஒருவர்தான் என்னைக் காப்பாற்ற முடியும் என்று சொல்பவரின் பேச்சு காதுக்கு இனிமையாக இருக்கும். அந்த இடத்தில்தான் நிதானம் வேண்டும்.

இன்னொரு கேள்வியை விடாதீர்கள்: "அறுவை நன்றாக நடந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். மறுநாள் காலையிலிருந்து உங்கள் வாழ்க்கையில் என்ன மாறியிருக்கும்?" மூக்கு கொஞ்சம் நேராக இருக்கும் என்று ஒருவர் சொன்னால் அது ஒரு மாதிரி. வேலைக்குப் போவேன், மனிதர்கள் என்னைப் பார்த்துச் சிரிக்க மாட்டார்கள், வாழத் தொடங்குவேன் என்று சொன்னால் அது முற்றிலும் வேறு. அவர் கேட்பது எந்தக் கத்தியாலும் கொடுக்க முடியாத ஒன்று.

அப்புறம் தற்கொலை எண்ணம். நேராகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது. "இந்த வேதனையில் செத்துவிடலாம் என்று தோன்றியதுண்டா?" என்று ஒரு அறுவை மருத்துவர் கேட்டதுதான் தன்னை முதல் முறையாக வாய் திறக்க வைத்தது என்று சொன்னவர்களை எனக்குத் தெரியும். ஆமாம் என்று சொன்னால், மூக்கைப் பற்றிய பேச்சு அத்தோடு நின்றுவிட வேண்டும், அன்றே அவசர மனநல உதவிக்கு ஏற்பாடு செய்ய வேண்டும், அவரைத் தனியாக வீட்டுக்கு அனுப்பக் கூடாது.

இரண்டு குழப்பங்களைத் தவிர்த்துவிடுங்கள். தன் பாலினத்தோடு தன் உடல் ஒத்துப்போகவில்லை என்ற வேதனை வேறு, பிடிடி வேறு. திருநங்கை, திருநம்பியர் கேட்கும் சிகிச்சைக்கு இந்தக் கட்டுரையைத் தூக்கிக்கொண்டு போய்த் தடை போட்டால் அது அநியாயம். அதேபோல, எல்லாருக்கும் தெரிகிற தழும்போ பிளவுபட்ட உதடோ இருக்கிறவர் அதை நினைத்து வருந்துவது நோயல்ல. எடை, கொழுப்பு பற்றி மட்டுமே பேசிக்கொண்டு, ஒல்லியாக இருந்தும் கொழுப்பை உறிஞ்சி எடுக்கும் லைப்போசக்‌ஷன் கேட்பவருக்கு உணவுக் கோளாறு இருக்கலாம், அந்தப் பக்கம் விசாரியுங்கள். தசை போதவில்லை என்று உள்வைப்பு கேட்டு வரும் கட்டுமஸ்தான இளைஞனுக்கு இருப்பது பிடிடியின் இன்னொரு முகமாக இருக்கலாம்.

"அவர்தானே கேட்கிறார், அவர் உடம்புதானே"

இந்த வாதத்தை நான் லேசாக எடுத்துக்கொள்வதில்லை. தன் உடம்பைப் பற்றித் தானே முடிவெடுக்கும் உரிமை பெரிய விஷயம், மருத்துவர்கள் அதை மதிக்காமல் நடந்த வரலாறு நீளமானது. மனநோய் இருக்கிறது என்பதாலேயே ஒருவரின் சம்மதம் செல்லாது என்று சொல்வது அந்த வரலாற்றின் தொடர்ச்சிதான். பிடிடி உள்ளவர் மயக்க மருந்தின் ஆபத்தை உங்களிடம் பிசகில்லாமல் திருப்பிச் சொல்வார், ரத்தப்போக்கு, தொற்று, தழும்பு எல்லாம் அவருக்கு மனப்பாடம்.

ஆனால் சம்மதம் என்பது ஆபத்தை ஒரு தட்டிலும் பலனை இன்னொரு தட்டிலும் வைத்து எடை போடுவது. அவர் தராசில் ஒரு தட்டில் நோயின் விரல் அழுத்திக்கொண்டிருக்கிறது. இந்த மூக்கோடு வாழ முடியாது, அது போனால் வாழ்ந்துவிடலாம் என்கிற கணக்கு நோய் போட்ட கணக்கு. நீங்கள் அதை அறிந்தும் கையெழுத்து வாங்கினால், காகிதத்தில் சம்மதம் இருக்கும், மனிதரிடம் இருக்காது. நியூயார்க்கில் ஒரு பெண், சில வருடங்களில் ஒரே மருத்துவரிடம் ஏறத்தாழ 50 அழகு சிகிச்சைகள் செய்துகொண்டவர், தனக்கு பிடிடி இருந்ததை மருத்துவர் கவனித்திருக்க வேண்டும், தன் சம்மதம் சம்மதமே இல்லை என்று வழக்குப் போட்டார். 2001-இல் அந்த மாநிலத்தின் உச்ச மன்றம் மருத்துவர் பக்கம் தீர்ப்பளித்தது. சட்டப்படி அவருக்கு விடுதலைதான். எனக்கோ அந்த 50 என்ற எண் மனதை விட்டுப் போவதில்லை. பத்தாவதிலோ இருபதாவதிலோ அறையில் இருந்த யாராவது ஒருவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "உங்களுக்கு உண்மையில் என்ன ஆகிறது?" என்று கேட்டிருக்கலாம்.

இதில் பலர் தவற விடுகிற ஒன்றைச் சொல்ல வேண்டும். தன்னுரிமை என்றால் வேண்டாத சிகிச்சையை மறுக்கும் உரிமை. கேட்ட சிகிச்சையை எந்த மருத்துவரிடமிருந்தும் கட்டாயமாகப் பெறும் உரிமை அதில் இல்லை. ஒருவருக்குப் பலன் தராது என்று உங்களுக்குத் தெரிந்த அறுவையை நீங்கள் மறுக்கும்போது அவருடைய உரிமையைப் பறிக்கவில்லை. பிடிடி உள்ள 200 பேரை ஆராய்ந்து 2005-இல் வெளியிட்டதில், அறுவை, தோல் சிகிச்சை போன்றவை செய்துகொண்டவர்களுக்குப் பத்தில் ஒன்பது முறைக்கு மேல் நோய் அப்படியே இருந்தது, அல்லது மோசமானது. வெற்றி வாய்ப்பு இவ்வளவு குறைந்த ஒரு அறுவையை வேறு எந்த நோய்க்காவது நீங்கள் செய்வீர்களா?

நேர்மைக்காக மறுபக்கத்தையும் சொல்கிறேன். எல்லா பிடிடியும் ஒரே அளவு இல்லை. பிரேசிலில் லேசான முதல் நடுத்தர அளவு பிடிடி உள்ள 31 பேருக்கு மூக்கு அறுவை செய்து ஒரு வருடம் தொடர்ந்து பார்த்ததில், பெரும்பாலோர் நன்றாகவே இருந்தார்கள் என்று 2014-இல் வெளிவந்தது. சிறிய ஆய்வு, ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு குழு கிடையாது, ஆனாலும் அதை மறைத்துவிட்டுப் பேச எனக்கு விருப்பமில்லை. உண்மையிலேயே கண்ணுக்குத் தெரியும் ஒரு குறை, "எனக்கு இது அளவுக்கு மீறித் தெரிகிறது, என் மனம் செய்கிற வேலை இது என்று புரிகிறது" என்று சொல்லும் தெளிவு, வேலையும் உறவுகளும் ஓடிக்கொண்டிருக்கும் வாழ்க்கை, மனநலச் சிகிச்சையில் ஏற்கெனவே முன்னேற்றம், இவை எல்லாம் சேர்ந்திருந்தால் மனநல மருத்துவரோடு உட்கார்ந்து பேசி ஒரு முடிவுக்கு வரலாம். அந்த நான்கில் ஒன்று இல்லை என்றாலும் நான் வேண்டாம் என்றுதான் சொல்வேன்.

பணம்

சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் எல்லாருக்கும் தெரிந்ததுதான். சரி என்று சொன்னால் வருமானம், இல்லை என்று சொன்னால் ஒன்றுமில்லை என்ற நிலையில் இருக்கும் ஒருவரே நோயாளி தகுந்தவரா என்று தீர்மானிப்பது சரியான ஏற்பாடு இல்லை. நீங்கள் நல்லவராக இருந்தாலும் இல்லை. அதனால் முதல் பேச்சை நடத்தும் கவுன்சலருக்கு, இத்தனை பேரைச் சேர்த்தால் இவ்வளவு கமிஷன் என்ற கணக்கு இருக்கக் கூடாது. "இந்த வாரத்துக்குள் பணம் கட்டினால் தள்ளுபடி" என்ற பேச்சு உங்கள் கிளினிக்குக்குள்ளேயே வரக் கூடாது. பார்த்த அன்றே முன்பணம் வாங்காதீர்கள். 18 வயதுக்குக் கீழே என்றால் காத்திருங்கள், இங்கிலாந்தில் 2021 அக்டோபர் முதல் அந்த வயதினருக்கு அழகுக்காக ஃபில்லரும் போடாக்ஸும் போடுவதையே சட்டம் தடை செய்திருக்கிறது. சில வேளை பிள்ளைக்கு ஒன்றும் இருக்காது, பிள்ளையின் காதையோ தாடையையோ பற்றி அம்மாவோ அப்பாவோதான் தூங்காமல் இருப்பார். அங்கே உதவி தேவைப்படுபவர் பெற்றவர்.

மறுக்கும் வார்த்தைகள்

இங்கேதான் அதிகம் தவறு நடக்கிறது. நல்ல மனதோடு செய்யும் தவறுகள் என்பதால் அவற்றை முதலில் சொல்கிறேன்.

"உங்களுக்கு ஒன்றுமே இல்லை, அழகாகத்தானே இருக்கிறீர்கள்" என்று சொல்லாதீர்கள். இதை அவர் ஆயிரம் முறை கேட்டிருக்கிறார். அவர் கண்ணுக்கு அது தெளிவாகத் தெரிகிறது, நீங்கள் இல்லை என்கிறீர்கள் என்றால், ஒன்று நீங்கள் பொய் சொல்கிறீர்கள் அல்லது பரிதாபப்படுகிறீர்கள் என்றுதான் அவருக்குத் தோன்றும். "மூக்கு பரவாயில்லை, தாடைதான் கொஞ்சம் உள்ளே போயிருக்கிறது" என்று ஒருபோதும், பேச்சு வாக்கில் கூட, சொல்லிவிடாதீர்கள். வாசலில் நின்று ஒரு மருத்துவர் சொன்ன அந்த ஒரு வாக்கியத்தோடு ஆறு வருடம் போராடியவர்களுக்கு நான் சிகிச்சை கொடுத்திருக்கிறேன். அதேபோல பொய்க் காரணம் வேண்டாம்: உங்கள் தோல் அறுவைக்கு ஒத்துவராது, மயக்க மருந்து ஆபத்து, நான் இதைச் செய்வதில்லை, அந்த நண்பரிடம் போங்கள். கட்ட முடியாத தொகையைச் சொல்லித் துரத்துவதும் அதே வகைதான். கடன் வாங்கிக்கொண்டு வந்து நிற்பார், அப்போது என்ன சொல்வீர்கள்?

என்ன சொல்லலாம்? நான் அறுவை மருத்துவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கும் வார்த்தைகள் ஏறத்தாழ இப்படி இருக்கும், உங்கள் வாய்க்கு ஏற்றபடி மாற்றிக்கொள்ளுங்கள்.

"நீங்கள் படும் வேதனை உண்மை, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஒரு நாளில் நான்கு மணி நேரத்தை இது எடுத்துக்கொள்கிறது, வேலையை விட வைத்திருக்கிறது என்று சொன்னீர்கள். இந்த அளவு வேதனை இருக்கிறவர்களுக்கு நான் அறுவை செய்தால் வேதனை குறைவதில்லை, அப்படியே இருக்கிறது அல்லது வேறு இடத்துக்கு மாறிவிடுகிறது. அதனால் நான் இதைச் செய்ய மாட்டேன். ஆனால் இந்த வேதனைக்கே சிகிச்சை இருக்கிறது. அதைச் செய்யும் ஒருவரை எனக்குத் தெரியும், இப்போதே அவரிடம் நானே பேசுகிறேன். நான்கு வாரம் கழித்து நீங்கள் என்னையும் வந்து பாருங்கள். அறுவையைப் பற்றிப் பேச இல்லை, நீங்கள் எப்படி இருக்கிறீர்கள் என்று தெரிந்துகொள்ள."

இதில் ஒவ்வொரு வரியும் ஒரு வேலை செய்கிறது. மூக்கு நன்றாக இருக்கிறதா இல்லையா என்ற விவாதத்துக்குள் நீங்கள் போகவே இல்லை. அவர் வாயால் சொன்ன மணிக்கணக்கை வைத்தே பேசுகிறீர்கள், அதனால்தான் முன்னால் அவ்வளவு கேட்கச் சொன்னேன். "செய்ய மாட்டேன்" என்பது தெளிவாக இருக்கிறது. "இப்போதைக்கு வேண்டாம்" என்று இழுத்தால், அந்த இழுப்பில் அவர் அடுத்த ஆறு மாதம் தொங்கிக்கொண்டிருப்பார்.

அவர் திருப்பிக் கேட்பார். "அப்போ எல்லாம் என் மனசுலதான் இருக்குன்னு சொல்றீங்களா டாக்டர்?" இதற்கு ஆமாம் என்றும் சொல்லாதீர்கள், இல்லை என்றும் சொல்லாதீர்கள். "நீங்கள் பார்ப்பதும் படுவதும் உண்மைதான். எல்லார் மூளையும் ஒரு முகத்தை முழுதாகப் பார்க்கிறது, உங்கள் மூளை ஒரு சின்ன இடத்தில் போய் ஒட்டிக்கொள்கிறது, அங்கிருந்து விலக மறுக்கிறது. அதை விலக்கப் பழக்க முடியும்" என்று சொல்லலாம், இது ஆறுதலுக்காகச் சொல்வது அல்ல, பிடிடி உள்ளவர்களின் பார்வை நுணுக்கங்களிலேயே தங்கிவிடுகிறது என்பதை ஆய்வுகளும் காட்டுகின்றன. "நான் வேறு இடத்தில் செய்துகொள்வேன்" என்றால், "அது உங்கள் உரிமை, என்னால் தடுக்க முடியாது, ஆனால் எனக்குச் சொன்ன எல்லாவற்றையும் அவரிடமும் சொல்லுங்கள், அப்படிச் செய்தாலும் என்னை வந்து பாருங்கள்" என்று சொல்லுங்கள். கோபப்பட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள். கதவு இரண்டு பேருக்கும் எட்டும்படி நாற்காலிகளைப் போட்டிருங்கள், பேசும்போது இன்னொரு ஊழியர் அருகில் இருக்கட்டும். மிரட்டல் அரிது, ஆனால் நடந்திருக்கிறது.

மறுத்த பிறகு

வெறும் மறுப்பு ஏன் போதாது என்பதற்கு ஒரே ஒரு ஆய்வைச் சொல்கிறேன். பிரிட்டனில் அழகு அறுவை செய்துகொண்ட பிடிடி நோயாளிகள் 25 பேரைப் பற்றி 2000-இல் வெளிவந்தது. அதில் ஒன்பது பேர், மருத்துவர்கள் மறுத்ததாலோ பணம் இல்லாததாலோ, தங்கள் உடம்பில் தாங்களே அறுவை செய்துகொள்ள முயன்றிருந்தார்கள். இதைப் படித்த நாளிலிருந்து, மறுத்துவிட்டேன், என் கடமை முடிந்தது என்று ஒரு மருத்துவர் சொல்லும்போது என்னால் தலையாட்ட முடிவதில்லை.

அதனால் துண்டுச் சீட்டு வேண்டாம். மனநல மருத்துவருக்கு ஒரு கடிதம் எழுதுங்கள்: என்ன கேட்டு வந்தார், நீங்கள் என்ன பார்த்தீர்கள், நாளில் எத்தனை மணி நேரம் போகிறது, எதையெல்லாம் தவிர்க்கிறார், தற்கொலை பற்றி என்ன சொன்னார், நீங்கள் அவரிடம் எந்த வார்த்தைகளில் மறுத்தீர்கள். கடைசியாகச் சொன்னது ரொம்ப முக்கியம், ஏனென்றால் அதே வார்த்தைகளில் நானும் தொடர்ந்தால் அவருக்கு நம்பிக்கை வரும். கடிதத்தை அவருக்கும் படித்துக் காட்டுங்கள். வீட்டாரிடம் சொல்ல வேண்டுமா என்பதை அவரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள், உயிருக்கு ஆபத்து இருந்தால் மட்டும் அந்த விதி மாறும்.

அங்கே என்ன சிகிச்சை நடக்கும் என்று உங்களால் நாலு வரி சொல்ல முடிய வேண்டும், இல்லாவிட்டால் "அங்கே போங்கள்" என்பது கிணற்றில் குதி என்பது போலத்தான் கேட்கும். சிபிடி என்ற பேச்சு சிகிச்சை: கண்ணாடி பார்ப்பதைப் படிப்படியாகக் குறைப்பது, மறைக்காமல் வெளியே போகப் பழகுவது, "எல்லாரும் என்னையே பார்க்கிறார்கள்" என்ற எண்ணத்தைச் சோதித்துப் பார்ப்பது. எஸ்எஸ்ஆர்ஐ வகை மாத்திரைகள்: மனச்சோர்வுக்குக் கொடுப்பதைவிடப் பெரும்பாலும் கூடுதல் அளவு தேவைப்படும், பலன் தெரிய 12 வாரம் வரை ஆகலாம், அதுவரை நிறுத்தக் கூடாது. பலருக்கு நல்ல பலன் தருகிறது. நான்கு மணி நேரம் ஒன்றாகக் குறைந்தது, மூக்கு இன்னும் பிடிக்கவில்லை ஆனால் வேலைக்குப் போகிறேன் என்று சொல்பவரைப் பார்க்கும்போது எனக்கு வரும் சந்தோஷத்தை எழுதிக் காட்ட முடியாது. ஒரு எச்சரிக்கை: "அங்கே போய் வந்தால் அறுவை செய்கிறேன்" என்று பேரம் பேசிவிடாதீர்கள். பன்னிரண்டு வாரமும் மாத்திரையை விழுங்கிக்கொண்டு நாள் எண்ணிக்கொண்டிருப்பார், சிகிச்சை உள்ளே போகாது.

ஏற்கெனவே அறுவை முடிந்து, அப்புறம்தான் உங்களுக்குப் புரிகிறது என்றால்? மறு அறுவை செய்யாதீர்கள், எவ்வளவு கெஞ்சினாலும். கை விட்டுவிடவும் செய்யாதீர்கள். காயம் ஆறும்வரை நீங்களே பாருங்கள், குறித்த நாட்களில் மட்டும், போனில் எந்நேரமும் இல்லாமல். முன்னும் பின்னும் ஒரே வெளிச்சத்தில் ஒரே தூரத்தில் எடுத்த படங்கள் உங்களிடம் இருக்க வேண்டும், ஆனால் அவற்றை வைத்து அவரோடு வாதாடாதீர்கள். "முன்பே நான் கேட்டிருக்க வேண்டிய கேள்விகள் சில இருந்தன, இப்போது கேட்கலாமா?" என்று தொடங்குங்கள். அந்த வாக்கியத்தைச் சொல்ல ஒரு மருத்துவருக்கு எவ்வளவு தைரியம் வேண்டும் என்று தெரிந்துதான் சொல்கிறேன்.

நான்கு வாரம் கழித்து அவர் வரும்போது மூக்கைத் தொட்டுப் பார்க்காதீர்கள், படம் எடுக்காதீர்கள். தூக்கம் எப்படி, நேற்று எத்தனை மணி நேரம் போனது, மனநல மருத்துவரைப் பார்த்தீர்களா என்று கேளுங்கள். பார்க்கவில்லை என்றால் திட்டாமல், என்ன தடுத்தது என்று கேட்டு, அவர் எதிரிலேயே மறுபடி போன் போட்டு நேரம் வாங்கிக் கொடுங்கள். வரவே இல்லை என்றால் நீங்களே ஒரு முறை கூப்பிடுங்கள். வரவேற்பில் இருக்கும் ஊழியரிடமும் அந்தப் பெயரைச் சொல்லி வையுங்கள்: இவர் எப்போது கூப்பிட்டாலும் டாக்டர் பிஸி என்று சொல்லி வைத்துவிடக் கூடாது, நம்பரை வாங்கிக்கொண்டு அன்று சாயங்காலத்துக்குள் என்னிடம் கொடுக்க வேண்டும்.